சிகரெட்டை விட்ட பிறகு வேப்பில் அசல் புகையிலைச் சுவை: எப்படித் தொடங்குவது, எதைத் தவிர்ப்பது

சிகரெட்டை விட்டு வேப்புக்கு, அதாவது திரவத்தைச் சூடாக்கி ஆவியாக இழுக்கும் மின்சிகரெட்டுக்கு, வந்த பலருக்கும் நடப்பதுதான் எனக்கும் நடந்தது. முதல் இரண்டு மாதம் பழம், புதினா, கிரீம் என்று கிடைத்ததையெல்லாம் இழுத்தேன், நன்றாகத்தான் இருந்தது, சிகரெட் நினைப்பே வரவில்லை. அப்புறம் ஒரு நாள் காலையில் அந்த இனிப்பு வாயில் பட்டதும் குமட்டிக்கொண்டு வந்தது. நாள் முழுக்க மிட்டாய் சப்பிக்கொண்டே இருக்க யாரால் முடியும்? சரி, புகையிலைச் சுவையில் ஒன்று வாங்கிப் பார்ப்போம் என்று வாங்கினேன். புட்டியில் ‘டொபாக்கோ’ என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. வாய்க்கு வந்ததோ கருகிய சர்க்கரைப் பாகில் நனைத்த அட்டைப்பெட்டி. இன்னொன்று வாங்கினேன், அதுவும் அதே அட்டைப்பெட்டிதான், கூடக் கொஞ்சம் வேர்க்கடலைத் தோல். வேப்பில் புகையிலைச் சுவை என்பதே கட்டுக்கதை என்று முடிவுகட்டிவிட்டேன். அந்த முடிவு தப்பு என்று தெரிய ஒரு வருடம் ஆனது. அந்த ஒரு வருடம் உங்களுக்கும் வீணாக வேண்டாமே என்றுதான் இதை எழுதுகிறேன்.

உள்ளே போகும் முன் இரண்டு விஷயம். சிகரெட் பழக்கமே இல்லாதவர் என்றால் இதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். நிகோட்டினைப் புதிதாகத் தொற்றவைத்துக்கொள்ளும் அளவுக்கு எந்தச் சுவையும் பெரிதில்லை. இரண்டாவது, சட்டம். இந்தியாவில் 2019-ஆம் ஆண்டுச் சட்டப்படி மின்சிகரெட் தயாரிப்பு, விற்பனை, இறக்குமதி எல்லாமே குற்றம். சிங்கப்பூரில் கையில் வைத்திருந்தாலே குற்றம். ஐரோப்பிய ஒன்றியத்தில் அனுமதி உண்டு, ஆனால் நிகோட்டின் ஒரு மில்லிலிட்டருக்கு 20 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது. நெதர்லாந்தில் 2024 முதல் புகையிலைச் சுவையைத் தவிர வேறு எதையும் விற்க முடியாது. நீங்கள் இருக்கும் இடத்தில் என்ன சட்டம் என்று பார்த்துவிட்டு மேலே படியுங்கள். தடை இருக்கும் இடம் என்றால் நிகோட்டின் சூயிங்கம், தோலில் ஒட்டும் பேட்ச் என்று வேறு வழிகள் இருக்கின்றன, அவையும் வேலை செய்பவைதான்.

முதல் வேலை: எதிர்பார்ப்பைச் சரிசெய்வது

பற்றவைத்த சிகரெட்டின் ருசியை எந்த வேப்பும் தராது. எவ்வளவு செலவு செய்தாலும் தராது. காரணம் எளிது. சிகரெட்டை இழுக்கும்போது அதன் நெருப்பு முனை 900 டிகிரி செல்சியஸை ஒட்டிப் போகிறது; அந்தச் சூட்டில் இலை, தாள், சர்க்கரை எல்லாம் எரிந்து உடைந்து 7,000-க்கும் மேற்பட்ட வேதிப்பொருள்களாகப் பிரிகின்றன, தாரும் கார்பன் மோனாக்சைடும் அதில்தான் பிறக்கின்றன. நாம் இத்தனை வருடம் ‘புகையிலை ருசி’ என்று நினைத்துக்கொண்டிருந்ததில் பெரும்பங்கு உண்மையில் எரிந்த ருசி. வேப்பில், திரவம் ஊறிய பஞ்சைச் சுற்றியிருக்கும் கம்பிச்சுருளான ‘காயில்’ எட்டும் சூடு பெரும்பாலும் 200 முதல் 250 டிகிரிதான், அங்கே எதுவும் எரிவதில்லை, எரியவும் கூடாது. எரிந்தால் அது பஞ்சு கருகிய நாற்றம், உடனே கீழே வைத்துவிட வேண்டியது.

அப்படியானால் எதைத் தேடுவது? புது சிகரெட் பாக்கெட்டைப் பிரித்ததும் மூக்கில் ஏறும் வாசம் நினைவிருக்கிறதா? வெயிலில் காய்ந்த வைக்கோல் மாதிரி, கொஞ்சம் தேன், கொஞ்சம் உலர்திராட்சை, அடியில் மண் வாசம். அல்லது பைப் புகைப்பவர் ஒருவர் தன் புகையிலைப் பையைத் திறக்கும்போது அறை முழுக்கப் பரவுமே, அந்த மணம். பற்றவைத்ததும் காணாமல் போகும் அந்த வாசத்தைத்தான் இலையிலிருந்தே எடுத்த சாற்றில் ஓடும் வேப் வாய்க்குக் கொண்டுவருகிறது. இது மனதில் பதிந்துவிட்டால் பாதி ஏமாற்றம் குறையும். சிகரெட்டுக்கு நகல் வேண்டும் என்று வருபவர் மூன்று நாளில் புட்டியைத் தூக்கிப் போடுவார், இலையின் வாசம் வேண்டும் என்று வருபவர் நிலைத்துவிடுவார். நான் பார்த்தவரை அப்படித்தான்.

அசல் எது, ஒட்டுவேலை எது

புகையிலைச் சுவை இரண்டு விதமாகப் புட்டிக்குள் வருகிறது. ஒன்று, பரிசோதனைக் கூடத்தில் சேர்த்த கூட்டுச்சுவை: வறுத்த வாடைக்கு அசிட்டைல் பைரசின், கருகிய சர்க்கரை வாடைக்கு எத்தில் மால்ட்டால், வனிலாவுக்கு வனிலின் என்று துண்டுதுண்டாக அடுக்கிப் புகையிலை மாதிரி ஒன்றைக் கட்டுவார்கள். எல்லாமே மோசம் என்று சொல்ல மாட்டேன். சீனத்தில் வேப்பின் ஆரம்பக் காலத்திலேயே தோன்றி இன்றுவரை ஓடிக்கொண்டிருக்கும் ஆர்.ஒய்.4 என்ற கேரமல், வனிலா, புகையிலைக் கலவையைப் பிடித்தவர்கள் ஏராளம். ஆனால் அதில் இலை இல்லை, இனிப்புக்குள் புகையிலையின் நிழல் மட்டும் இருக்கிறது.

இன்னொன்று, இலையிலிருந்தே எடுத்தது. ‘நேச்சுரலி எக்ஸ்ட்ராக்டட் டொபாக்கோ’ என்று போடுவார்கள், சுருக்கி ‘நெட்’ என்பார்கள். பதப்படுத்திய இலையை நறுக்கி, வேப் திரவத்துக்கு அடிப்படையான ப்ரொபிலீன் கிளைக்காலிலோ கிளிசரினிலோ வாரக்கணக்கில், சிலர் மாதக்கணக்கில், ஊறவைப்பார்கள். அவசரக்காரர்கள் இளஞ்சூட்டில் சில நாளில் முடிப்பார்கள். பிறகு பிழிந்து, துணியில் வடித்து, தாளில் வடித்து, இன்னும் நுண்ணிய வடிகட்டியில் திரும்பத் திரும்ப வடித்து, மிஞ்சும் கறுத்த சாற்றைத் திரவத்தில் கலப்பார்கள். இந்த வடிகட்டல்தான் உயிர். சரியாக வடிக்காத சாறு மூன்றே நாளில் காயிலைக் கொன்றுவிடும்.

வாங்கும்போது எப்படிக் கண்டுபிடிப்பது? லேபிளில் எந்த இலை என்று பெயர் சொல்லியிருக்கிறார்களா பாருங்கள். வர்ஜீனியா, பர்லி, லத்தாக்கியா என்று இலையின் பெயரோ எடுத்த முறையோ எழுதியிருந்தால் நம்பிக்கை கூடும். ‘கோல்டு’, ‘கிளாசிக்’, ‘ரெட்’ என்று மட்டும் இருந்தால் அநேகமாகக் கூட்டுச்சுவைதான். ‘ஆர்கானிக்’ என்ற சொல்லில் ஏமாறாதீர்கள், பல நேரம் அது கிளிசரினைப் பற்றிச் சொல்வது. நிறத்தைப் பார்ப்பது நல்ல யோசனைதான், இலைச்சாறு பெரும்பாலும் தேன் நிறத்திலிருந்து கறுப்புக் காப்பி நிறம்வரை இருக்கும், அடியில் லேசாகக் கசடு தங்கும். ஆனால் அதை மட்டும் நம்ப முடியாது, ஏனென்றால் நிகோட்டின் காற்றுப் பட்டுப் பழசானாலும் திரவம் கறுக்கும். சர்க்கரை போன்ற இனிப்பூட்டி, முக்கியமாகச் சுக்ரலோஸ், சேர்த்திருந்தால் வைத்துவிடுங்கள். இலைச்சாறே காயிலில் படிவது, அதோடு இனிப்பும் சேர்ந்தால் அவ்வளவுதான்.

இதை வீட்டிலேயே எடுக்கலாமே என்று சிலருக்குத் தோன்றும், எனக்கும் தோன்றியது. வேண்டாம் என்பதே என் கருத்து. வீட்டு வடிகட்டியில் நுண்துகள் போகாது, ஈரம் பட்ட இலையில் பூஞ்சை வரும், இலையிலிருந்து எவ்வளவு நிகோட்டின் இறங்கியது என்று அளக்கவும் வழியில்லை. உள்ளே இழுக்கப்போகும் பொருளில் இத்தனை ஊகம் ஆகாது.

இலைகளைத் தெரிந்துகொள்வது

இங்கேதான் கொஞ்சம் நிதானமாக இருக்க வேண்டும், ஏனென்றால் எந்த இலை என்று தெரியாமல் வாங்குவது பாதையே தெரியாமல் பேருந்து ஏறுவது மாதிரி. நல்ல செய்தி, நினைவில் வைக்க வேண்டியது ஆறேழு பெயர்தான்.

வர்ஜீனியாவில் தொடங்குங்கள். வழக்கமான சிகரெட்டில் இருந்தவருக்கு இதுதான் வீடு. இந்த இலையை அறுத்ததும் மூடிய கொட்டகையில் குழாய் வழியாக வெப்பத்தை மட்டும் அனுப்பி, புகை படாமல், ஒரு வாரத்துக்குள் உலர்த்திவிடுகிறார்கள். அந்த வேகத்தில் இலையிலிருக்கும் சர்க்கரை அழியாமல் அப்படியே தங்கிவிடுகிறது. அதனால்தான் மஞ்சள் நிறம், வைக்கோல் வாசம், மேலே எலுமிச்சைத் தோல் தடவியது போல ஒரு கூர்மை, அடியில் தேன். வெளிர் வர்ஜீனியா புல் வாசம் அடிக்கும், அழுத்திவைத்துப் பழுத்த சிவப்பு வர்ஜீனியாவில் உலர்ந்த அத்திப்பழம் மாதிரி ஒரு கனம் இருக்கும். என் நாளின் பாதி இன்றும் சிவப்பு வர்ஜீனியாவில்தான் ஓடுகிறது.

பர்லி நேர் எதிர். அதைக் கொட்டகையில் தொங்கவிட்டு வெறும் காற்றிலேயே வாரக்கணக்கில் உலர விடுகிறார்கள், சர்க்கரை ஏறக்குறைய முழுதும் போய்விடுகிறது. மிஞ்சுவது காய்ந்த ருசி: கொக்கோ, வறுத்த கொட்டை, கொஞ்சம் மரத்தூள், கொஞ்சம் துவர்ப்பு. தனியாக இழுத்தால் முதல் நாள் ‘இதென்ன, வெறும் காகிதம்’ என்று தோன்றும். மூன்றாம் நாள் விட மனசு வராது. இனிப்பே ஆகாது என்று வந்தவர்கள் நேராக இதற்கே போகலாம். சிகரெட்டில் ‘அமெரிக்கன் பிளெண்ட்’ என்று சொல்வது வர்ஜீனியா, பர்லி, கூடவே ஓரியண்டல் மூன்றும் சேர்ந்ததைத்தான். உங்கள் பழைய பிராண்டு அப்படிப்பட்டது என்றால் அதே மூன்றும் கலந்த சாறு கிடைக்கும்.

ஓரியண்டல் என்பது துருக்கி, கிரேக்கம், பல்கேரியா பக்கத்துச் சின்ன இலை. வெயிலிலேயே உலர்த்துவது. மூலிகை, சாம்பிராணி, கொஞ்சம் புளிப்பு. சமையலில் மசாலா மாதிரி, தனியாகச் சாப்பிடும் பொருள் இல்லை, ஆனால் மற்றதில் கொஞ்சம் சேர்ந்தால் வாசம் எழுந்து நிற்கும்.

லத்தாக்கியா தனிக்கதை. சிரியாவின் துறைமுக நகரத்தின் பெயர் அது, இப்போது பெரும்பாலும் சைப்ரஸிலிருந்து வருகிறது. வெயிலில் உலர்ந்த இலையை வாசமுள்ள மரங்களும் செடிகளும் எரியும் புகையில் மாதக்கணக்கில் தொங்கவிடுகிறார்கள். விளைவு, விறகடுப்பு, தார்க் கயிறு, பழைய தோல் பை. சிகரெட்டின் அந்தப் புகை நெடிதான் வேண்டும் என்று ஏங்குபவர்களுக்கு இருப்பதிலேயே கிட்டத்தில் வரும் இலை இதுதான். ஆனால் எச்சரிக்கை. நான் விவரம் தெரியாமல் என்னிடம் இருந்த ஒரே டேங்கில் (வேப்பில் திரவம் ஊற்றும் கலம்) இதை ஊற்றிவிட்டு, அப்புறம் வந்த நாலு புட்டியிலும் விறகு நெடியையே இழுத்தேன். டேங்கின் ரப்பர் வளையங்களில் ஏறிக்கொண்டால் வெந்நீரில் கழுவினாலும் போகாது, வளையத்தையே மாற்ற வேண்டும். லத்தாக்கியாவுக்குத் தனி டேங்க் ஒதுக்குங்கள், அல்லது 10 சதவீதத்துக்கு மேல் இல்லாத கலவையாக வாங்குங்கள்.

பெரிக் அமெரிக்காவின் லூசியானாவில், செயின்ட் ஜேம்ஸ் பாரிஷ் என்ற சின்னப் பகுதியின் சரக்கு. இலையைப் பீப்பாயில் திணித்து, திருகு வைத்து நெருக்கி, தன் சாற்றிலேயே ஒரு வருடம் போலப் புளிக்க விடுவார்கள். பிளம் பழம், வினிகர், மிளகு. தொண்டையில் சுள்ளென்று ஏறும் ஒரே இலை என்றுகூடச் சொல்லலாம், அதனால் நிகோட்டினைக் குறைத்துக்கொண்டு வருபவர்களுக்கு வர்ஜீனியாவும் பெரிக்கும் சேர்ந்த கலவை பெரிய உதவி: நிகோட்டின் குறைந்தது தெரியாத அளவுக்கு ஒரு காரம் இருக்கும்.

கேவண்டிஷ் என்பது இலை வகை இல்லை, செய்முறை. வர்ஜீனியாவையோ பர்லியையோ ஆவியில் வேகவைத்து அழுத்துவது, பல நேரம் வனிலாவோ வேறு இனிப்போ சேர்ப்பது. பழச்சுவையிலிருந்து மாறி வருபவர்களுக்கு இது நல்ல படிக்கட்டு. சுருட்டு இலைச் சாறு கிடைக்கிறது, குவியலாகப் புளிக்கவைத்த இலை என்பதால் மாட்டுக்கொட்டகை, ஈர மண், டார்க் சாக்லேட் என்று போகும், எல்லாருக்கும் பிடிக்காது.

சாதனம்: பெரிய புகை மண்டலம் இங்கே வேலைக்கு ஆகாது

சிகரெட்டில் புகையை முதலில் வாயில் நிறுத்தி, பிறகு நெஞ்சுக்குள் இழுக்கிறோம். அதே முறையில் இழுக்கும், காற்றுத்துளை சின்னதாக இருக்கும் சாதனம்தான் புகையிலைச் சாற்றுக்குச் சரி. குறைந்த ஓமில் (காயிலின் மின்தடை), அதிக வாட்டில் (காயிலுக்குப் போகும் மின்திறன்) நேராக நெஞ்சுக்கு இழுக்கும் பெரிய டேங்குகளில் இதை ஊற்றினால் மெல்லிய வாசமெல்லாம் கருகி, ஈரச் சாம்பல் மாதிரி ஒன்று மிஞ்சும், அதோடு காயிலும் ஒரே நாளில் போகும். 1 ஓம் சுற்றுவட்டாரத்தில் ஒரு காயில், 10 முதல் 14 வாட். 9-இல் தொடங்கி அரை அரை வாட்டாக ஏற்றுங்கள், வாசம் திறந்து, கசப்பு வருவதற்குச் சற்று முன்னால் நிறுத்துங்கள். வர்ஜீனியா குறைந்த சூட்டில் அழகு, பர்லியும் லத்தாக்கியாவும் ஒன்றிரண்டு வாட் கூடத் தாங்கும்.

திரவத்தின் அடிப்படை பாதிக்குப் பாதி இருக்கட்டும், அதாவது ப்ரொபிலீன் கிளைக்கால் 50, கிளிசரின் 50. கிளைக்கால் வாசத்தை நன்றாகச் சுமக்கும், தொண்டையில் ஒரு பிடிப்பும் தரும். கிளிசரின் கெட்டி, லேசான இனிப்பு, ஆவி அதிகம். கிளிசரின் 70-ஐத் தாண்டியது சின்னக் காயிலில் சரியாக இறங்காது. கிளைக்கால் தொண்டையை அரித்தால் மட்டும் கிளிசரின் பக்கம் நகருங்கள்.

இப்போது எல்லாரும் மறைக்கும் உண்மை: கசடு. எவ்வளவு வடித்தாலும் இலைச்சாறு காயிலில் கறுப்பாகப் படியும். பழச்சுவையில் இரண்டு வாரம் ஓடிய ரெடிமேட் காயில் இதில் எனக்கு மூன்று நாள்தான் ஓடியது, அடுத்தடுத்து வாங்கிப் போட்டுக் கட்டுப்படியாகவில்லை. அதனால் கொஞ்ச நாளிலேயே நாமே கம்பி சுற்றிப் பஞ்சு வைக்கும் டேங்குக்கு மாறிவிட்டேன், நீங்களும் மாறினால் நல்லது. பயப்பட ஒன்றுமில்லை. 28 கேஜ் தடிமனுள்ள காந்தால் (சூடாக்கப் பயன்படும் உலோகக் கலவை) கம்பியை 2.5 மில்லிமீட்டர் தண்டில் ஆறு சுற்றுச் சுற்றினால் ஏறக்குறைய 1.1 ஓம் வரும், போதும். நடுவே பருத்திப் பஞ்சு, இழுத்தால் கம்பி வளையாத அளவு தளர்வாக. புகையிலைச் சாறு பஞ்சில் மெதுவாகத்தான் ஏறும், இறுக்கிவிட்டால் கருகும். 3 முதல் 5 மில்லிலிட்டருக்கு ஒருமுறை பஞ்சை எடுத்துவிட்டு, கம்பியை மட்டும் இடைவெளி விட்டு விட்டுக் குறைந்த வாட்டில் மங்கலான சிவப்பு வரும்வரை சூடாக்கி, ஆறவிட்டு, தண்ணீரில் பல்துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்தால் புதுசு மாதிரி ஆகிவிடும். பளிச்சென்று எரிய விடாதீர்கள், உலோகத்துக்கு நல்லதில்லை, உங்களுக்கும் நல்லதில்லை. பஞ்சு மாற்றிய அன்று முதல் இழுப்பில் வரும் வாசம் இருக்கிறதே, அதற்காகவே தினமும் மாற்றும் கிறுக்கர்கள் உண்டு. நானும் வார இறுதியில் அந்தக் கூட்டம்தான்.

செராமிக் காயில் வேண்டாம், அதன் நுண்துளைகளில் கசடு அடைத்துக்கொண்டால் சுத்தம் செய்ய வழியில்லை. தனியாகப் பேட்டரி போடும் சாதனம் என்றால் உறை கிழிந்த பேட்டரியை உபயோகிக்காதீர்கள், சட்டைப் பையில் சாவியோடும் சில்லறையோடும் போடாதீர்கள், இரண்டு முனையும் உலோகத்தில் பட்டால் தீப்பிடிக்கும்.

நிகோட்டின் அளவு

புகையிலைச் சுவைக்கு வந்தும் சிகரெட் ஆசை அடங்காதவர்களிடம் பேசிப் பார்த்தால் பாதி நேரம் சுவையில் பிரச்சினை இல்லை, நிகோட்டின் பற்றாக்குறை. வாய்வழி இழுக்கும் சின்னச் சாதனத்தில் மில்லிலிட்டருக்கு 3 மில்லிகிராம் போட்டுவிட்டு ‘இதில் ஒன்றுமே இல்லை’ என்பார்கள். நாளுக்கு ஒரு பாக்கெட் போனவர் 12 அல்லது 18-இல் தொடங்குவது நியாயம், அதில் பாதி என்றால் 6 முதல் 12. தலைசுற்றலோ குமட்டலோ நெஞ்சுப் படபடப்போ வந்தால் அளவு அதிகம், கீழே வைத்துவிட்டு அடுத்த படிக்கு இறங்குங்கள். நிகோட்டின் உடம்பில் ஏறக்குறைய இரண்டு மணி நேரத்தில் பாதியாகிறது, அதனால் ஆசை திரும்பத் திரும்ப வருவது உங்கள் மனபலக் குறைவு கிடையாது, கணக்கு.

சாதாரண நிகோட்டினா, சால்ட் நிகோட்டினா என்று கேட்பார்கள். சால்ட் என்பது பென்சாயிக் போன்ற அமிலம் சேர்த்து மென்மையாக்கியது, கமறாமல் உள்ளே போகும், வேகமாக ஏறும். முதல் சில வாரம் சிகரெட்டிலிருந்து பிரிய அது உதவலாம். புகையிலைச் சாற்றுக்கு எனக்குச் சாதாரண நிகோட்டின்தான் பிடிக்கும், அந்த லேசான காறல் இலையோடு சேர்ந்து வருவதில் ஒரு நிறைவு இருக்கிறது. இன்னொன்று, இலையிலிருந்தே எடுப்பதால் ‘0’ என்று போட்ட சாற்றிலும் கொஞ்சம் நிகோட்டின் இருக்க வாய்ப்புண்டு. நிகோட்டினை முழுக்க விட்டுவிட்டவர்கள் இதை மனதில் வையுங்கள்.

நாக்குக்கு நேரம் கொடுங்கள்

சிகரெட்டை விட்ட முதல் வாரங்களில் நாக்கும் மூக்கும் நிலையாக இருக்காது. வருடக்கணக்கில் மங்கிக் கிடந்தவை விழிக்கின்றன. இன்று ஒன்றுமே தெரியாத சாறு இரண்டு வாரம் கழித்து வாசமாக அடிக்கும், அன்று பிரமாதமாக இருந்தது இப்போது சகிக்காது. ஆகவே முதல் மாதத்தில் எதையும் கொட்டாதீர்கள், மூடி ஓரமாக வையுங்கள். சிகரெட் விட்ட அன்றே விலை உயர்ந்த சாற்றை வாங்குவதும் வீண், அந்த நேரத்து நாக்குக்கு அது எட்டாது. இரண்டு மூன்று வாரம் எது கைக்கு வருகிறதோ அதில் ஓட்டுங்கள், சிகரெட்டைத் தொடாமல் இருப்பதுதான் அப்போதைய ஒரே வேலை.

அப்புறம் மூன்று சின்னப் புட்டி வாங்குங்கள்: தனி வர்ஜீனியா ஒன்று, தனி பர்லி ஒன்று, லத்தாக்கியா கொஞ்சம் சேர்ந்த கலவை ஒன்று. தனித்தனி இலையை முதலில் தெரிந்துகொண்டால் கலவையில் எது எங்கே இருக்கிறது என்று பிடிபடும். ஒரு நாளைக்கு ஒன்று மட்டும், புதுப் பஞ்சில். இழுக்கும்போது அவசரமில்லாமல் மூன்று நான்கு நொடி, பிறகு ஆவியில் கொஞ்சத்தை மூக்கு வழியாக விடுங்கள். நாக்கு சொல்வது இனிப்பு, கசப்பு, துவர்ப்பு அளவுதான், தேனா அத்திப்பழமா என்று சொல்வது மூக்கு. வாய்வழியாக மட்டுமே விட்டுவிட்டு ‘எல்லாம் ஒரே மாதிரி இருக்கிறது’ என்பவர்கள் அதிகம். நாள் நடுவில் திடீரென்று எதுவுமே தெரியாமல் போனால், அதாவது நாக்கு செத்துப்போனால், தண்ணீர் நிறையக் குடித்துவிட்டு ஒரு நாள் வேறு சுவைக்கு மாறுங்கள், கிளைக்காலும் கிளிசரினும் வாயை உலர்த்துவதும் இதற்கு ஒரு காரணம்.

வாங்கிய உடனே சாறு முரட்டுத்தனமாக இருந்தால் ஊறவிடுங்கள். மூடியை இறுக்கி, வெளிச்சம் படாத, சூடில்லாத இடத்தில் இரண்டு வாரம், லத்தாக்கியாவும் சுருட்டு இலையும் ஒரு மாதம்கூட. அடியில் கசடு தங்கினால் குலுக்க வேண்டாம், மேலாக ஊற்றிக்கொண்டு கடைசிச் சொட்டுகளை விட்டுவிடுங்கள்.

சொல்லாமல் விடக் கூடாதவை

இயற்கை என்றால் பாதுகாப்பு என்று அர்த்தமில்லை. எரிதல் இல்லாததால் சிகரெட்டின் தாரும் கார்பன் மோனாக்சைடும் இதில் இல்லை, ஆபத்து வெகுவாகக் குறைகிறது. நிகோட்டின் உள்ள மின்சிகரெட் பேட்ச், சூயிங்கத்தைவிட அதிகம் பேர் சிகரெட்டை விட உதவுகிறது என்று மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பின் தொகுப்பும் சொல்கிறது. ஆனால் தீங்கே இல்லாதது கிடையாது. அதிலும் இலையிலிருந்து எடுத்த சாறு, இலையில் இருக்கும் வேண்டாத பொருள்களையும், புகையிலைக்கே உரிய நைட்ரோசமைன் போன்ற புற்றுநோய்ப் பொருள்களையும், சிறிதளவு கூட்டிக்கொண்டு வரும். சிகரெட் புகையைவிட வெகு குறைவு, சுத்தமான கூட்டுச்சுவையைவிடக் கூடுதலாக இருக்கலாம். அதைத் தெரிந்தே நான் இழுக்கிறேன், நீங்களும் தெரிந்தே முடிவு செய்யுங்கள்.

எண்ணெய் எதையும் காயிலில் விடாதீர்கள். வாசனை எண்ணெய், சமையல் எண்ணெய், பெயர் தெரியாத சாறு, எதுவும் வேண்டாம். 2019–20-இல் அமெரிக்காவில் 2,800-க்கும் மேற்பட்டோர் நுரையீரல் பாதிப்போடு மருத்துவமனைக்குப் போனார்கள், 68 பேர் இறந்தார்கள். பெரும்பாலும் கஞ்சாச் சாற்றுக் குப்பிகளில் கலந்திருந்த வைட்டமின் ஈ அசிட்டேட் என்ற எண்ணெய்ப் பொருளோடு அது தொடர்புபட்டது. ஆவியாக இழுப்பதற்கென்று தயாரிக்காத எதுவும் நுரையீரலுக்குள் போகக் கூடாது. வெண்ணெய், கஸ்டர்ட் வாடையுள்ள புகையிலைக் கலவைகளில் டையசிட்டைல் (இழுத்தால் நுரையீரலைக் கெடுக்கக்கூடிய வெண்ணெய் வாசனைப் பொருள்) இருக்கிறதா என்று கேட்டு வாங்குங்கள். 18 மில்லிகிராம் அளவில் 10 மில்லிலிட்டர் புட்டி என்றால் உள்ளே 180 மில்லிகிராம் நிகோட்டின், குழந்தை குடித்தால் உயிருக்கே ஆபத்து. பூட்டிவைக்கும் இடத்தில் வையுங்கள், தோலில் கொட்டினால் உடனே கழுவுங்கள்.

சிகரெட்டும் வேப்பும் சேர்த்து ஓட்டுவது பலர் விழும் குழி. ‘சாப்பிட்ட பிறகு மட்டும் ஒன்று’ என்று வைத்துக்கொண்டால் அந்த ஒன்று மெல்ல நாலாகும். இதைவிட நுணுக்கமான குழி ஒன்று உண்டு: சிலருக்குப் புகையிலை வாசமே சிகரெட் ஆசையைக் கிளப்பிவிடும். எனக்குத் தெரிந்த ஒருவர் ஏழு மாதம் பழச்சுவையில் நிம்மதியாக இருந்தார், என் பேச்சைக் கேட்டு லத்தாக்கியாவை இழுத்த அன்று மாலையே தம் வாங்கிவிட்டார். அவருக்கு நான் இன்னும் பதில் சொல்லிக்கொண்டிருக்கிறேன். உங்களுக்கும் இழுத்ததும் கை லைட்டரைத் தேடினால் அந்தப் புட்டியை மூடிவிட்டுத் திரும்பப் பழத்துக்கோ புதினாவுக்கோ போய்விடுங்கள். லத்தாக்கியா, சுருட்டு இலை இரண்டும்தான் இந்த வேலையை அதிகம் செய்யும். கேவண்டிஷ் பக்கம் அவ்வளவு ஆபத்து இல்லை.

நிகோட்டினைக் குறைக்க நினைக்கும்போது சாறை மாற்றாதீர்கள், ஒரே வர்ஜீனியாவில் 18-இலிருந்து 12, ஒரு மாதம் கழித்து 9, அப்புறம் 6 என்று இறங்குங்கள். இரண்டையும் ஒரே நேரத்தில் மாற்றினால் எது குறைகிறது என்றே தெரியாது. நான் இப்போது 4-இல் இருக்கிறேன். 18 போட்ட பழைய புட்டியையும் 0 போட்ட அதே சாற்றையும் அளந்து கலந்தே இறங்கி வந்தேன், இரண்டு பங்கு 18-க்கு ஒரு பங்கு 0 சேர்த்தால் 12, ஒன்றுக்கு ஒன்று என்றால் 9, ஒன்றுக்கு இரண்டு என்றால் 6. கலந்த தேதியையும் அளவையும் புட்டியிலேயே எழுதி ஒட்டிவிடுங்கள், மூன்று கறுப்புப் புட்டி அலமாரியில் சேர்ந்துவிட்டால் எது எது என்று முகர்ந்து கண்டுபிடிக்க முடியாது.